நைனாவின் வலது கால்

முட்டி தேய்ந்து, மாடிப்படியைக் கண்டாலே பெருமூச்சு விடுகிற என் வயசுக்காரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்ன வயசுக்காரர்கள் கேட்டாலும் குற்றமில்லை. ஆனால் அவர்களுக்குப் பொறுமை இருக்காது. நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

என் மகளும் மருமகனும் அம்பத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள். சைக்கிள் கடை என்றதும் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. சைக்கிளைக் காலண்டர் மாதிரி சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன், வந்துவிட்டது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற பந்தயம் இருக்கிறதே, டிரையத்லான், அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். நீந்தும்போது போடுகிற கறுப்பு ரப்பர் உடுப்பு ஒரு கொக்கியில் தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்து யாரோ அன்னிய ஆள் நிற்கிறான் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மருமகன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மகளும் அந்தப் பந்தயத்துக்குப் போகிறவள்தான். ஞாயிறு விடிந்தால் ஒரு கூட்டம் கடை வாசலில் சேரும். முகப்பேர் ஃப்ளாட்டுப் பிள்ளைகள், ஆவடியிலிருந்து வரும் ஒரு பட்டாளத்துக்காரர், பல் டாக்டர் அம்மா ஒருத்தி. அயனம்பாக்கம் ஏரி வரைக்கும் போய், பூந்தமல்லி சாலையைத் தொட்டுவிட்டு, வியர்வை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து டீ குடிப்பார்கள். எனக்கு அந்த வியர்வை வாசனை பிடிக்கும். நான் பிறந்து வளர்ந்த வாசனை அது.

போன மாதம் அந்தக் கடைச் சுவரில் என் நைனாவின், அதாவது என் அப்பாவின், படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிள் மேல் சாய்ந்து நிற்கிற படம். அதன் கீழே எழுத்து. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். படித்தேன். "தங்கைக்காகப் பந்தயத்தை விட்டுக்கொடுத்த அண்ணன். எங்கள் கடை இவரிடமிருந்து தொடங்குகிறது."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து விடுகிறேன். டி.வி. போட்டால் அணைத்து விடுகிறேன். கடைப் பக்கம் போய் அந்த எழுத்தைப் பார்க்கிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். மகளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அது நடந்தபோது பக்கத்திலேயே நடந்தவள் நான். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கண்ணாடிக் கடை நிற்கிற அதே மனையில்தான் நைனாவின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் எங்கள் வீடு, பக்கத்தில் ஒரு சந்து. பின் மட்கார்டில் வெள்ளை பெயின்டால் நம்பர் எழுதிய கறுப்பு சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். சொல்யூஷன் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் நைனாவின் பனியனிலேயே ஊறியிருக்கும். காற்று நிரப்பிய ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி கிளம்பும். அதைக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டுவது என் வேலை. உங்கள் வீட்டில் பொம்மை இருந்திருக்கும். எனக்குக் குமிழி.

அந்தக் கறுப்புக் கூட்டத்தில் பச்சையாக ஒன்று நிற்கும். லேடீஸ் சைக்கிள். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாவிடம் நைனா வாங்கியது. நடுவில் பார் கிடையாது. பாவாடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் மேல் கலர் கலராக நூல் வலை கட்டியிருக்கும். எந்தப் பொம்பளை அதை வாடகைக்கு எடுப்பாள் அந்தக் காலத்தில்? ஒரே ஓர் ஆள்தான் எடுப்பார். மாதா கோயில் ஃபாதர். அங்கி போட்டுக்கொண்டு பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட முடியாதே. அவர் அதில் ஏறி மணியடித்துக்கொண்டு போவார். எதிர் டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி கையை வைத்துச் சிரிப்பார்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த மழையில் அத்தை வந்தாள். நைனாவுக்கு ஒரே தங்கை. பூந்தமல்லிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. முன்கையில் தோல் வழன்று கன்றிப்போன சூட்டுக்காயம். "பால் சட்டிம்மா, கை தவறிடுச்சி" என்று என்னிடம் சொன்னாள். அம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். வேப்பெண்ணெய் எடுத்துவரப் போனாள்.

அத்தையால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. அம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். அப்போதுதான் அம்பத்தூரில் தொழிற்பேட்டை முளைத்துக்கொண்டிருந்தது. வயலைத் தோண்டி ஷெட் போடுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். காலையில் கம்பெனிச் சங்கு ஊதும். அந்தச் சங்கு ஊதினால் அத்தை கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

எங்கள் தெருக்கோடியிலிருந்த ஓர் அக்கா அங்கே காயில் சுற்றுகிற வேலைக்குப் போய்வந்தாள். மோட்டாருக்குள் இருக்குமே செம்புக் கம்பிச் சுருள், அது. அத்தை ஒரு நாள் அவளோடு நடந்தே போய்வந்தாள். சூப்பர்வைசர் கம்பியைக் கொடுத்துச் சுற்றச் சொல்லிப் பார்த்தாராம். "கை நிக்குது. பொங்கல் கழிச்சி வா" என்றாராம். அன்று அத்தை முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நைனா பார்த்தார். பார்த்துவிட்டுப் பம்பை அழுத்திக்கொண்டே சொன்னார்: "இன்னா வேலை? பொங்கல் கழிச்சி உன் ஊட்டுக்காரன் வரேன்னு சொல்லி வுட்டுகீறான். பெரியவங்கள வெச்சி பேசியாச்சு. போயி ஒழுங்கா குடும்பம் நடத்துற வழியப் பாரு."

"அங்க போனா இந்தக் கையி மட்டும் வேவாதுண்ணே."

நைனா பம்பை நிறுத்தவில்லை. "நடந்து போயி சங்கு ஊதுறதுக்குள்ள சேர முடியுமா? பஸ்ஸு கீதா? ஏரிக்கர மேல தனியா போயி வருவியா? நாலு பேரு நாலு விதமா பேசுவான்."

"ஒரு சைக்கிளு குடு. போறேன்."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார். "குடு அண்ணாத்தே! நேரா ஏரிக்குள்ள வுட்டுகினு வரும். மீனு குழம்பு ஆவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். ஊருக்கெல்லாம் சைக்கிள் கொடுக்கிறவர் தங்கைக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அத்தை உள்ளே வந்து, கழுவிய பாத்திரத்தை எடுத்துப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் மத்தியானம். நைனா சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் விழுந்தார் என்றால் வெயில் இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அத்தை பச்சை சைக்கிளைச் சத்தமில்லாமல் நகர்த்திச் சந்துக்குள் கொண்டுபோனாள். என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, இங்க நில்லு. உங்க நைனா இருமுனா நீயும் இருமு."

அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்கிறீர்கள்? ஹேண்டில்பார் நுழையும். அதற்குமேல் இரண்டு பக்கமும் விரல் வைக்க இடம் இருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் எங்கள் சுவர், மறு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், இரண்டும் சுண்ணாம்பு அடித்தது. கோடியில் துவைக்கிற கல். அத்தை அந்தக் கல்மேல் ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு மிதி மிதித்தாள். சுவரில் சாய்ந்தாள். இன்னொரு மிதி. இந்தப் பக்கச் சுவர். கீழே விழக்கூட அங்கே இடமில்லை. சாயத்தான் முடியும்.

தெருவிலோ மைதானத்திலோ கற்றுக்கொள்கிறவர்களுக்கு யாராவது பின்னால் பிடித்துத் தள்ளுவார்கள். வேகம் வந்தால் சைக்கிள் சாயாமல் தானாக நிற்கும். அத்தைக்கு வேகம் எடுக்க வழியே இல்லை. வேகமாகப் போனால் முட்டி உரியும், ஹேண்டில் இடிக்கும், சத்தம் கேட்கும், நைனா எழுந்து விடுவார். ஆகவே அவள் மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டாள். எறும்பு மாதிரி. ஒரு பெடலை அரை சுற்று அமுக்கிவிட்டு, அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை நிறுத்தி வைத்து, மறுபடி அரை சுற்று. கார்த்திகை போய் மார்கழி வந்தபோது சுவரைத் தொடாமல் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வந்தாள். வந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன்.

அம்மாவுக்குத் தெரியும். சந்து வாசலில் குறுக்கே கொடி கட்டி, அன்றாடம் இரண்டு புடவையைத் தொங்கவிட்டவள் அவள்தான். நான் ஏதோ சொல்லப் போனபோது, "நான் இன்னாத்த கண்டேன்? என் கண்ணு அடுப்புல கீது" என்றாள்.

நைனாவுக்கு வேறு குழப்பம். பச்சை சைக்கிளின் கைப்பிடி முனை இரண்டும் எப்போதும் வெள்ளையாக இருந்தது. துடைத்து வைப்பார். மறுநாள் மறுபடி சுண்ணாம்பு. "எவன்டா இது, என் சைக்கிளுக்கு வெள்ளையடிக்கிறவன்?" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் ஃபாதரையே கேட்டுவிட்டார்.

"ஃபாதர், கோச்சிக்காதீங்க. எங்கனா செவுத்துல மோதிக்கிறீங்களா? கண்ணு சரியா தெரியுதா?"

ஃபாதர் கைப்பிடியைப் பார்த்தார். சந்து வாசலில் அசைகிற புடவையைப் பார்த்தார். அதன் கீழே தெரிந்த என் காலைப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் வருதில்லப்பா. கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கோயிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் அங்கிக்குள் சிரிப்பை எங்கே ஒளித்தார் என்றுதான் தெரியவில்லை.

தை நெருங்கியது. மாமாவிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. கரிநாள் கழித்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறாராம், தயாராக இருக்கச் சொன்னாராம். அத்தை அடுப்படியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். டீக்கடை முழுக்க ஆட்கள்.

"அண்ணே, கடைசியா கேக்குறேன். சைக்கிளு குடுப்பியா, மாட்டியா?"

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று ஏரி ஓர மைதானத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்கும். உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். கோட்டுக்குக் கோடு போக வேண்டும். கடைசியாக வருகிறவன்தான் ஜெயித்தவன். கால் தரையில் பட்டால் அவுட். கோட்டுக்கு வெளியே போனால் அவுட். அதில் நைனாவை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எங்கள் வீட்டு எவர்சில்வர் குடமெல்லாம் அவர் நின்று நின்று சம்பாதித்தது. அந்தப் பெருமையில்தான் பேசினார்.

"சரிம்மே. காணும் பொங்கலன்னிக்கு மைதானத்துல என் பக்கத்துல ஓட்டு. என் காலு தரையில படுற வரிக்கும் உன் காலு படாம கீதா, அந்தப் பச்ச சைக்கிள நீயே எடுத்துக்க. வேலைக்குப் போ. உன் ஊட்டுக்காரன் இல்ல, அவன் அப்பன் வந்தாலும் நான் பதில் சொல்றேன். காலு பட்டுச்சா, வாயத் தொறக்காம வண்டி ஏறணும். இன்னா?"

டீக்கடை வாயைப் பிளந்து சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுகினீங்களா?" என்றாள். "நல்லா கேட்டுகினீங்களா?"

ஃபாதரும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். "நான் கேட்டேம்மா" என்றார்.

காணும் பொங்கல் வந்தது. மைதானத்தில் கரும்புச் சக்கை, வேர்க்கடலைத் தோல், மைக் செட் அலறல். பொம்பளைகளுக்கு என்று ஸ்பூனில் எலுமிச்சம்பழம் தூக்கி ஓடுகிற பந்தயம் ஒரு பக்கம். அத்தை புடவையைக் கொசுவத்தோடு தூக்கிச் செருகிக்கொண்டு, பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மைக்காரர் பார்த்துவிட்டு, "அம்மா, எலுமிச்சம்பழம் அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்றார். கூட்டம் விசிலடித்தது.

கிளம்புமுன் வீட்டில் அத்தை என்னை ஒரு வேலை செய்யச் சொன்னாள். "பாப்பா, ரெண்டு சக்கரத்துலயும் கொஞ்சம் காத்த எறக்கு." வால்வை நகத்தால் அமுக்கினேன். உஸ் என்று போனது. "போதும். செத்த பாம்பு மாரி ஆவக்கூடாது. தூங்குற பாம்பு மாரி இருக்கணும்." தளர்ந்த டயர் மண்ணைக் கட்டிப் பிடிக்கும், சுலபத்தில் உருளாது. சந்தில் பழகிப் பழகி அவளாகக் கண்டது அது.

நைனாவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கடைக்காரர். ஊர் மொத்தமும் கூடிய மைதானத்தில் வாடகைக் கடைக்காரர் டயரில் காற்றில்லாமல் நின்றால் கடை என்னாவது? வாசலில் நின்று தன் சைக்கிளுக்கு அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். விரலால் சுண்டினால் டயர் டிங் என்றது. அத்தையின் டயரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"காத்தடிச்சிகினு வாம்மே. என் மானத்த வாங்காத."

"இருக்கட்டும்ணே."

விசில் ஊதியதும் தபால்காரர் வேகமாகப் போய் முதலில் கோட்டைத் தொட்டு அவுட் ஆனார். முடிவெட்டுகிறவர் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து இரண்டு பேரும் போனார்கள். டீக்கடைக்காரர் கிளம்பவே இல்லை, ஏறின இடத்திலேயே இறங்கிவிட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மைதானத்தில் இரண்டே பேர். நைனா. அத்தை. பக்கத்துப் பக்கத்து வரி.

மைக் அடங்கியது. எலுமிச்சம்பழக்காரிகள் ஸ்பூனோடு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். கோட்டுக்கு வெளியே அத்தையை ஒட்டி நான் நடந்தேன். நடந்தேன் என்று சொல்வதே தப்பு. ஓர் அடி வைத்தால் காத்திருக்க வேண்டும். அவ்வளவு மெதுவாகப் போனார்கள். கரும்புச் சக்கையில் ஈ மொய்ப்பது கேட்டது. நைனாவின் சைக்கிள் கல் போல நின்றது, நகர்ந்தது, நின்றது. அத்தையின் சைக்கிளும். பார்த்தால் இரண்டு பேரும் ஏதோ படத்துக்கு நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அத்தையின் கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்தேன்.

பாதி வழியில் நைனா தலையைத் திருப்பாமல் பேசினார். "எங்கம்மே கத்துகினே இத?"

"உன் ஊட்டு சந்துலதாண்ணே."

"எந்த சந்து?"

"நீ தூங்குற ஜன்னலுக்குப் பின்னால."

சைக்கிள் இரண்டும் ஓர் அடி நகர்ந்தன. அப்புறம் நைனா சொன்னார், "அப்ப அந்த சுண்ணாம்பு…"

"ஆமாண்ணே."

அவ்வளவுதான். நைனாவின் ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டியது. காற்று இறுகிய முன்சக்கரம் ஒரு சின்னக் கல்மேல் ஏறித் துள்ளியது. அவர் இடப்பக்கம் இழுத்தார், அது வலப்பக்கம் போனது. சைக்கிள் சாய்ந்தது. அவர் வலது கால் தரையில் பட்டது.

வலது கால். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சைக்கிளை விட்டு இறங்குகிறவன் எவனும் இடது பக்கம்தான் இறங்குவான். நிறுத்தி நிற்கிறவன் இடது காலைத்தான் ஊன்றுவான். சுவரிலிருக்கிற படத்திலும் நைனா இடது காலைத்தான் ஊன்றியிருக்கிறார். வேண்டுமென்று கால் வைத்திருந்தால் இடது கால் வந்திருக்கும். சைக்கிள் மனிதனைத் தள்ளினால்தான் வலது கால் வரும்.

ஒரு நொடி எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள். அந்த நொடியில் நைனா முகத்தை நான் பார்த்தேன். என் நைனா பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் அவர் தலையைத் தூக்கி, மைதானம் அதிரச் சிரித்தார்.

"என் தங்கச்சிக்கு வுட்டுக் குடுத்துட்டேன்! பொங்கலாச்சே!"

கூட்டம் எழும்பியது. மைக்காரர் அண்ணன் பாசம் அண்ணன் பாசம் என்று கத்தினார். யாரோ நைனாவுக்கு மாலை போட்டார்கள். ஜெயித்தவளைக் கவனிக்க ஆளில்லை. அத்தை இறங்கவில்லை. அவள் பாட்டுக்கு அதே எறும்பு நடையில் மிச்ச தூரத்தையும் ஓட்டினாள். கடைசிக் கோட்டைத் தாண்டின பிறகுதான் காலை வைத்தாள். பக்கத்தில் நான் மட்டும். தூரத்தில் ஃபாதர் ஒருவர் கை தட்டினார்.

"நைனா தோத்துட்டாரு! வலது காலு!" என்று நான் கத்தினேன். அம்மா வந்து தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்த இடம் வாரக்கணக்கில் ஊதா நிறத்தில் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தையிடம் அழுதேன். "நீதான ஜெயிச்சே. ஏன் சொல்லாம கீறே?"

"ஜெயிச்சது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்" என்றாள். "சைக்கிளு எனக்குக் கெடச்சிதா, இல்லியா? மீதிய அவரே வெச்சிக்கட்டும்."

மாமா சொன்னபடியே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நைனா கடை வாசலில் குறுக்கே நின்றார். "ஊரு முன்னாடி வாக்கு குடுத்துட்டேன் மாப்ள. நானா பாத்து வுட்டுக் குடுத்தது. நானே மாத்தி பேசுனா எவனாச்சும் என்னிய மனுசன்னு சொல்லுவானா? அவ வேலைக்குப் போறா." மாமா கத்தினார், மண்ணை வாரித் தூற்றினார், அம்மா கொடுத்த காபியைக் கொட்டினார். நைனா அசையவில்லை. வண்டி காலியாகத் திரும்பியது.

சின்ன வயசில் எனக்கு நைனா மேல் ஆத்திரமாக இருந்தது. இந்த வயசில் வேறு ஒன்றும் தெரிகிறது. தோற்றுப்போனவராக இருந்திருந்தால் அவரால் அப்படி வாசலை மறித்து நின்றிருக்க முடியுமோ என்னவோ. விட்டுக்கொடுத்தவராகத்தான் அவருக்கு நிற்கத் தெரிந்தது. அத்தைக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. அதற்காக அது நியாயம் ஆகிவிடுமா? ஆகாது. ஒவ்வொரு வாடகைக்காரரிடமும் அவர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே ட்யூப் ஒட்டினார். அத்தை காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அவள் மணியடித்துக்கொண்டு சங்குக்கு முன்னால் கிளம்பிப் போவாள்.

அடுத்த பொங்கலுக்குள் ஏரிக்கரையில் இன்னும் சில பொம்பளைகள் சைக்கிளில் போனார்கள். எல்லோரும் எங்கள் சந்தில் கற்றுக்கொண்டவர்கள். சந்து வாசல் கொடியில் இப்போது மறைவுக்குப் புடவை தொங்கவில்லை. அத்தை வேலை வயசு முடியும்வரை காயில் சுற்றினாள். இப்போது அவள் இல்லை. நைனாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்ட என் அண்ணன், அதை மூடியபோது பச்சை சைக்கிளையும் பழைய இரும்போடு போட்டுவிட்டான். கேள்விப்பட்டு ஓடிப்போய்த் தேடினேன். வலை நூல்கூடக் கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டமெல்லாம் டீ குடித்துவிட்டுப் போன பிறகு மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "சரிமா. ஆனா தாத்தா விட்டுக்கொடுத்தாருன்னு இருந்தாதானே நல்லாருக்கு? நீ அப்ப சின்னப் பொண்ணு. எந்தக் காலுன்னு எப்படி இவ்ளோ வருஷம் ஞாபகம் இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் வாடகை சைக்கிள் கடைக்காரர் பொண்ணுடி. ஏர் உழுறவன் பொண்ணுக்கு மாடு தெரியும். எனக்குக் காலு தெரியும். உன் சைக்கிள எடு."

கடைக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே அந்தச் சந்து இன்னும் இருக்கிறது, புதுச் சுவரைத் தள்ளிக் கட்டியதில் முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக. ஏ.சி. பெட்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. மகள் தன் பந்தய சைக்கிளைக் கொண்டுவந்தாள். அவள் போடுகிற செருப்பு பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலைத் திருப்பினால்தான் விடும். "எவ்ளோ ஸ்லோவா போணும்?" என்றாள்.

"போ. நிறுத்துன்னா நிறுத்து."

போனாள். "நிறுத்து" என்றேன். டக் என்று இடது காலை விடுவித்து ஊன்றினாள்.

"பாத்தியா எந்தக் காலுன்னு?"

"எல்லாரும் இதத்தான் எடுப்பாங்கமா."

"இப்ப போ. நான் சொன்னாலும் நிறுத்தாத. மெதுவா. இன்னும் மெதுவா. உங்க அத்தைப் பாட்டி மாதிரி."

ஏ.சி. பெட்டிக்குக் கீழே வந்தபோது ஹேண்டில் வெட்டியது. டிங் என்று காற்று அடித்த டயர். செருப்பு பூட்டிக் கிடந்தது. அவள் இடப்பக்கம் இழுத்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். மருமகன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

மகள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது முட்டியில் ரத்தம் கசிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை நீந்திக் கடந்து பதக்கம் வாங்கினவள், ஒரு சந்தைக் கடக்க முடியாமல்.

"அம்மா," என்றாள். "தாத்தா கால் எந்தப் பக்கம்னு சொன்னே?"

"வலது பக்கம்."

அவள் எழுந்து நொண்டிக்கொண்டே கடைக்குள் போனாள். ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர் எழுத்தை நகத்தால் ஓரம் நெம்பி உரிக்க ஆரம்பித்தாள். 'விட்டுக்கொடுத்த' என்பது ஒவ்வொரு எழுத்தாகச் சுருண்டு தரையில் விழுந்தது. "அத்தைப் பாட்டி ஃபோட்டோ இருக்காமா?" என்றாள். இல்லை என்றேன். பேர் மட்டும் எழுதச் சொன்னேன். சந்தில் கற்றுக்கொண்டு அண்ணனை ஜெயித்தவள் என்று எழுதச் சொன்னேன்.

அவள் நைனாவின் படத்திலும் கை வைத்தாள், கழற்ற.

"அது இருக்கட்டும்" என்றேன். "அவரு இல்லன்னா அவ யார ஜெயிச்சா? கொஞ்சம் கீழ எறக்கி மாட்டு, போதும்."